கேட்கக் கற்றுக்கொள்ளப் போன ஏழு நாள்

முதல் நாள்: திண்டிவனத்திலிருந்து வேலூர்

காலை ஐந்தரை மணிக்கு, "ஒரு வாரம் கடை விடுமுறை" என்று எழுதிய தாளை ஷட்டரில் ஒட்டிவிட்டு வந்தவாசி வழியாகப் போகும் வேலூர் பஸ்ஸைப் பிடித்தேன். தையல் கடை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சொந்த வேலைக்காக இத்தனை நாள் மூடியது இதுதான் முதல் தடவை. ஆடி மாதம் என்பதால் தைக்க வரும் துணியும் குறைவு.

எதற்காகக் கிளம்பினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருடா வருடம் என்னிடம் யூனிஃபார்முக்கு அளவு கொடுத்த ஒரு பெண்ணுக்குப் போன வருடம் வெளியூர் அரசு கல்லூரியில் இடம் கிடைத்தது. அவள் சேரவில்லை. சேர்க்கைக் கட்டணம், விடுதிக்கு முன்பணம், பெட்டி, இரண்டு சுடிதார், பஸ் செலவு எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள்தான் வரும். அது அந்த வாரத்தில் அவர்கள் வீட்டில் இல்லை. அரசு பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. நல்ல திட்டம். அந்தப் பணத்தால் படிப்பைத் தொடர்ந்த பெண்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும், சேருவதற்கு முந்தின வாரத்துக்கு ஆகாது. அந்த ஒரு வாரத்தில் எத்தனையோ பெண்கள் நின்றுபோகிறார்கள்.

எங்கள் பள்ளியில் ஒன்றாகப் படித்த பதினோரு பேர் உட்கார்ந்து பேசினோம். அடுத்த ஜூனில் இருபத்தைந்து பெண்களுக்கு அந்த முதல் மாதச் செலவைக் கொடுத்துவிட வேண்டும், அதற்கு இரண்டரை லட்சம் ஆகும் என்று கணக்குப் போட்டோம். கடைத்தெருவில் எல்லோரையும் தெரியும் என்பதால் கேட்கும் வேலை எனக்கு வந்தது. முதலில் ஓர் அரிசி மண்டிக்குப் போனேன். படியேறி நின்றேன், வாய் வரவில்லை. இரண்டு கிலோ பச்சரிசி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. கொடுப்பவர்களைப் பற்றி எவ்வளவோ கேள்விப்படுகிறோமே, கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்கள் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். அந்த யோசனையில் பிறந்ததுதான் இந்தப் பயணம்.

முதலில் வேலூர். காரணம், அந்தக் கதை எங்கள் ஊரில்தான் தொடங்குகிறது. ராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஐடா ஸ்கடர், உடல்நலம் சரியில்லாத அம்மாவைப் பார்க்க 1890-ல் திண்டிவனத்துக்கு வந்திருந்தார். இங்கேயே தங்கிவிடும் எண்ணம் அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் அப்பா மருத்துவர்தான், ஆனால் ஆண் மருத்துவர் வரக்கூடாது என்றார்கள். ஐடாவுக்கோ அப்போது மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

பஸ் ஆரணி சாலை வழியாகத்தான் வேலூருக்குள் நுழைகிறது. ஐடா பின்னாளில் பெண்களுக்காகத் தொடங்கிய ஷெல் மருத்துவமனை அந்தச் சாலையிலேயே இருக்கிறது. இப்போது அது, ஐடா தொடங்கிய சி.எம்.சி. என்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவமனை. எதிர்ப்பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரவுக்குப் பிறகு அமெரிக்கா போய் மருத்துவப் படிப்பை முடித்த ஐடாவிடம், இந்தியாவுக்குத் திரும்பும் முன் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். அதற்காக நியூயார்க்கில் ஒரு சபைப் பெண்கள் சங்கத்தின் தலைவியான மிஸ் டேபரைப் போய்ப் பார்த்தார். உடனே கையில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஐடா திண்டிவனத்து இரவைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாவின் சகோதரி கணவரான ஷெல் என்ற வங்கித் தலைவர் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் கூப்பிட்டனுப்பி, இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் எழுந்த மருத்துவமனை 1902-ல் திறக்கப்பட்டது.

யாரிடம் கேட்கிறோமோ அவர்தான் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படியொன்றும் இல்லை போலிருக்கிறது.

1918-ல் ஐடா பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, ஆறு பேர் விண்ணப்பித்தால் நடத்திக்கொள்ளுங்கள் என்றாராம் அன்றைய மருத்துவத் துறைத் தலைவர். வந்த விண்ணப்பங்கள் 151. முதல் அணியில் 1922-ல் தேர்வெழுதிய 14 பேரில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. பிறகு கட்டடம் கட்டப் பெரிய தொகை தேவைப்பட்டது. வேலூரையும் சென்னை பெண்கள் கிறித்தவக் கல்லூரியையும் சேர்த்து இந்தியா, சீனா, ஜப்பானில் இருந்த ஏழு பெண்கள் கல்லூரிகளுக்கு ராக்பெல்லர் குடும்பத்து நினைவு நிதி 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது. ஆனால் பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டிக் காட்டினால்தான் அது கிடைக்கும் என்று நிபந்தனை. லூசி பீபாடி என்ற அம்மையார் முன்னே நிற்க, அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில் பெண்கள் கூட்டம் போட்டுத் தலைக்கு ஒரு டாலர் என்றுகூடச் சேர்த்தார்கள். பணம் சேர்ந்துவிட்டது. வேலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அந்த ஒரு டாலர்க்காரிகளில் யார் பெயரும் எனக்குத் தெரியவில்லை. லாட்ஜுக்குத் திரும்பிய பிறகும் அதே நினைப்புதான்.

இரண்டாம் நாள்: சென்னை

காட்பாடியிலிருந்து விடியற்காலை ரயில். சென்ட்ரலில் இறங்கிக் கடற்கரைக்கு பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் இன்று நாள் முழுவதும் ஊருக்குள் சுற்ற எனக்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

ஐஸ் ஹவுஸ் முன்னால் இறங்கினேன். 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய வீடு அது. விவேகானந்தர் 1897-ல் அங்கே தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். இடையில் அந்த வீடு சகோதரி சுப்புலட்சுமியின் பெண்கள் வாழ்ந்த இடமாகவும் இருந்தது. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

சுப்புலட்சுமி 1886-ல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் ஆகி, சிறுமியாகவே கணவனை இழந்தார். அவர் அப்பா அவருக்கு மொட்டையடிக்கவில்லை, படிக்க வைத்தார். 1911-ல் பி.ஏ. முடித்தார், சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை. அடுத்த வருடமே தன்னைப் போன்ற சிறுமிகள் நான்கு பேரை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கத் தொடங்கினார். அவர்களுக்குச் சாப்பாடு, துணி, புத்தகம் என்று செலவு இருந்தது. அதற்காக அவர் சாரதா பெண்கள் சங்கம் என்ற ஒன்றைக் கூட்டினார். 1917-ல் அரசு இந்த வீட்டை வாங்கி விடுதிக்குக் கொடுத்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும்தான். என் பாட்டி அந்தக் காலத்தில் அங்கே போய் நின்றிருந்தால் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். வாசலில் நிற்கும்போது அது மனதை அறுத்தது. 1927-ல் சாரதா வித்தியாலயம் தொடங்கியபோது அந்தச் சுவரைத் தாண்டி மற்றப் பெண்களும் வந்தார்கள். நல்லது செய்கிறவர்களின் கதவும் சிலருக்கு மூடியே இருந்திருக்கிறது. எங்கள் இருபத்தைந்து பேர் பட்டியலைப் போடும்போது இது எனக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

மதியம் அடையாறு. பெசன்ட் அவென்யூவில் அவ்வை இல்லம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்றத்தில் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிக்கொண்டிருந்த காலத்தில், அந்த வாழ்க்கை வேண்டாமென்று வெளியேறிய பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நகரத்து விடுதிகளில் இடம் கேட்டுப் பார்த்தார், யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் 1930-ல் அவ்வை இல்லம் ஆனது. மறுபடியும் ஒரு கதவு தட்டிய கதை. திண்டிவனத்துக் கதவு தட்டப்பட்டபோது திறந்தவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்தக் கதவைத் திறந்தவருக்கு முடிந்தது.

அங்கிருந்து காந்தி நகருக்குப் போனேன். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் பெயருக்குப் பின்னால் 'டபிள்யூ.ஐ.ஏ.' என்று மூன்று எழுத்து இருக்கும். அது இந்திய மாதர் சங்கம். 1917-ல் இதே அடையாறில் தொடங்கிய சங்கம். முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த நோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலேயே அவர் சொன்னார். அது நடக்கவில்லை. 1949-ல் மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதியைத் தொடங்கியது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. அடுத்த வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-ல் இறக்கும்வரை அவருக்கு இந்த வளாகம்தான் வீடு.

முத்துலட்சுமி அப்போது யார் என்று நினைத்துப் பாருங்கள். இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், மன்றத்தின் துணைத் தலைவராக இருந்தவர், பெயர்பெற்ற டாக்டர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த நிலையிலும் நிதி கேட்டு ஆட்களைப் பார்க்கப் போயிருக்கிறார். தனக்கென்று கேட்டால்தான் தலை குனியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அரிசி மண்டியில் எனக்காகக் கேட்கப் போனதுபோல் அல்லவா கூசி நின்றேன்.

வெளியே மர நிழலில் ஒரு பெண் தூக்குவாளியைத் திறந்து தன் அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மா தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். தர்மபுரிப் பக்கமாம். "சாப்பிட்டியாக்கா?" என்று என்னைக் கேட்டாள். அந்த இடத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்து அவள் அதைக் கேட்டாள்.

இரவு கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்.

மூன்றாம் நாள்: புதுக்கோட்டை

மன்னர் கல்லூரியை வெளியிலிருந்து பார்த்தேன். முத்துலட்சுமி பிறந்த ஊர் இது. பையன்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் அவர் சேர விரும்பியபோது, எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பெற்றோர்கள் மிரட்டினார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சேர்த்துக்கொண்டார். 1991-க்குப் பிறகு அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் இந்த மாவட்டத்தில்தான். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கற்றவர்களில் இன்று பலர் பாட்டிகள் ஆகியிருப்பார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே கீரைக்கட்டை கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு போன ஒரு அம்மாவைப் பார்த்ததும், இவரும் அவர்களில் ஒருவராக இருப்பாரோ என்று தோன்றியது.

தோழியின் அக்கா வீட்டில் தங்கல். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கல்விச்சீர் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கமும் நடக்கிறது, ஆனால் அவர் சொன்ன மாதிரி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"பள்ளிக்கு ஃபேன் வேணும்னு மனுப் போட்டா வர்றப்ப வரும். ஊர்க்காரங்ககிட்ட 'நன்கொடை கொடுங்க'ன்னு கேட்டா ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. 'பள்ளிக்கூடத்துக்குச் சீர் கொண்டாங்க'ன்னு சொன்னேன். மறுபேச்சு இல்ல."

ஒரு நாள் குறிப்பார்களாம். ஊர்க் கோயிலிலிருந்து மேளதாளத்தோடு கிளம்புவார்கள். பெண்கள் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு நோட்டுப் புத்தகம், பென்சில் பெட்டி வைத்து எடுத்து வருவார்கள். ஆண்கள் பீரோ, நாற்காலி, மின்விசிறி, தண்ணீர் டிரம் சுமந்து வருவார்கள். வாசலில் ஆசிரியர்கள் சந்தனம் கொடுத்து, பன்னீர் தெளித்து வரவேற்பார்கள். ஒன்றுமே இல்லாத ஒரு பாட்டி ஒரு விளக்குமாறு கொண்டுவந்து சீர்த்தட்டில் வைத்தாராம். அதையும் பதிவேட்டில் எழுதினேன் என்றார் டீச்சர்.

சீர் என்றால் நமக்குத் தெரியும். பெண்ணுக்குக் கல்யாணத்தில், வளைகாப்பில், காதுகுத்தில் செய்வது. கடன் வாங்கியாவது செய்வது. அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனதும் கேட்பது எளிதாகிவிட்டது. கொடுப்பவருக்கும் அதில் உரிமை இருக்கிறது, தாய்மாமன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொடுக்கலாம். நன்கொடை என்ற சொல்லில் அந்த நிமிர்வு வருவதில்லை. இதை நினைத்து இரவு வெகுநேரம் விழித்திருந்தேன். எங்கள் பணத்தை என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

நான்காம் நாள்: கீரமங்கலம் பக்கம்

டீச்சரின் சொந்தக்காரர் வைத்த மொய் விருந்துக்குப் போனோம். கீரமங்கலம், பேராவூரணி, ஆலங்குடி பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான். கல்யாணமோ காதுகுத்தோ இல்லை, மொய்க்காகவே விருந்து. செலவைக் குறைக்க நாலைந்து வீடு சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பதும் உண்டு. இதுவும் அப்படித்தான். பத்திரிகையில் ஐந்து பேர் பெயர் இருந்தது. கிடாய்க்கறிக் குழம்பு, பந்தி பந்தியாக ஆட்கள். பந்தலின் ஒரு பக்கம் வரிசையாக மேஜை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மேஜை, தனி நோட்டு, எழுத ஒருவர், எண்ண ஒருவர். பணம் எண்ணும் மெஷின் சத்தம் விடாமல் கேட்டது.

எழுதிக்கொண்டிருந்த அண்ணன் சாப்பாட்டு இடைவேளையில் எனக்கு விளக்கினார். நான் உங்களுக்கு முன்பு ஐயாயிரம் செய்திருந்தால், என் விருந்தில் நீங்கள் அந்த ஐயாயிரத்தைத் திருப்பிச் செய்வீர்கள். அது பழைய நடை. அதற்கு மேல் ஐயாயிரம் வைத்தால் அது புது நடை, நாளைக்கு நான் உங்களுக்குச் செய்ய வேண்டியது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. நோட்டு ஒன்றுதான். அந்தப் பணத்தில் போர்வெல் போடுகிறார்கள், கடை வைக்கிறார்கள், பிள்ளையைப் படிக்க வைக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனதே, அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் நடை ரொம்பத் தளர்ந்துபோனது என்றார்.

இது தர்மம் இல்லை, கடன்தான். எனக்குத் தெரிகிறது. ஆனால் ஊரே ஒருவருக்காக ஒரு நாளில் கூடிப் பணத்தை வைக்கிறது, வைத்தவர் யாரும் பெரியவர் ஆகிவிடுவதில்லை, வாங்கியவர் யாரும் சின்னவர் ஆகிவிடுவதில்லை. இதைவிட மரியாதையாகப் பணம் கைமாறி நான் பார்த்ததில்லை.

அவர் அனுமதியோடு நோட்டைப் புரட்டினேன். ஊர், தகப்பன் பெயர், பெயர், தொகை. பக்கம் பக்கமாக ஆண் பெயர்கள். எட்டாவது பக்கத்தில் ஒரு பெண் பெயர். பிறகு பதின்மூன்றில் ஒன்று. அவர்கள் இருவரும் கணவர் இல்லாதவர்களாம்.

பந்தலில் பாதிக்கு மேல் பெண்கள்தான். மேஜைக்கு வந்து பணத்தை நீட்டியவர்களிலும் எத்தனையோ பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போன கூலியும் ஆடு விற்ற காசும் பூ கட்டிய காசும் அந்தச் சுருக்குப்பைகளில் இருந்து வந்தன. "யார் பேர்லம்மா?" என்று எழுதுபவர் கேட்கிறார். "அவுக பேர்லதான்" என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, உங்க காசுதானே?" அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நம்ம பேர்ல எழுதுனா நாளைக்கு யாருக்குத்தா தெரியும்?" என்றார்.

பேருந்து நிலையத்துக் கடையில் நீளமான மொய் நோட்டு ஒன்று வாங்கினேன். அட்டையில் பிள்ளையார் படம்.

ஐந்தாம் நாள்: காந்திகிராமம்

திருச்சி போய் திண்டுக்கல் பஸ் மாறியதில் பாதி நாள் போய்விட்டது. சின்னாளபட்டியில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. தெருவெல்லாம் சுங்குடிச் சேலை.

1944 பிப்ரவரியில் கஸ்தூர்பா காந்தி புனே ஆகா கான் மாளிகையில் சிறைக்கைதியாக இறந்தார். அவர் நினைவாக நாடு முழுவதும் நிதி திரட்டினார்கள். காந்திக்கு அந்த அக்டோபரில் 75 வயது நிறைவு என்பதால் 75 லட்சம் ரூபாய் இலக்கு. ஒரு கோடிக்கு மேல் வந்தது. அந்தக் காலத்து ஒரு கோடி. அந்தப் பணம் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்தான் என்று முடிவானது. தமிழ்நாட்டில் அந்த அறக்கட்டளையின் பொறுப்பு டாக்டர் சௌந்தரத்திடம் வந்தது. டி.வி.எஸ். நிறுவனரின் மகள். சின்ன வயதில் கணவர் இறந்த பிறகு டெல்லியில் மருத்துவம் படித்தவர். பிறகு மறுமணம் செய்துகொண்ட ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். இன்று பெரிதாக நிற்கும் கஸ்தூர்பா மருத்துவமனை சின்னாளபட்டியில் இரண்டு படுக்கையோடு ஆரம்பித்தது.

பணக்கார வீட்டுப் பெண் தானே கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஊரிலேயே தங்கி இரண்டு படுக்கையில் தொடங்கியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நாங்களும் இருபத்தைந்தில்தான் தொடங்க வேண்டும் என்று இல்லை. முதல் வருடம் இரண்டு பெண் என்றாலும் இரண்டு பெண்தான்.

ஆறாம் நாள்: மதுரை

ஒத்தக்கடையில் இறங்கினால் யானைமலை கண்ணை விட்டு அகலாது. கொடிக்குளம் அந்தப் பக்கத்தில்தான். 2024 ஜனவரியில் இந்த ஊர் பெயர் செய்தியிலெல்லாம் வந்தது. ஆயி அம்மாள் என்ற பூரணம், வங்கியில் எழுத்தர் வேலை பார்ப்பவர், கொடிக்குளம் அரசு நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்த 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைப் பத்திரம் பண்ணிக் கொடுத்தார். மதிப்பு ஏழு கோடி என்றார்கள். இறந்துபோன தன் மகள் ஜனனியின் பெயரை வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. அந்தக் குடியரசு தினத்தில் முதலமைச்சரின் சிறப்பு விருது அவருக்குக் கொடுக்கப்பட்டது.

பள்ளி விடும் நேரத்துக்கு வாசலுக்கு எதிரே நின்றேன். பெண் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். யூனிஃபார்ம் தையலைப் பார்ப்பது என் பழக்கம். ஒரு குட்டிக்கு ஓரம் மடித்துவிட்டிருந்தார்கள், வளர்ந்தால் பிரித்துவிட.

ஆறு நாளாகக் கேட்டவர்களையே தேடிக்கொண்டிருந்தேன். இந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. மகள் போன துக்கத்தை வைத்துக்கொண்டு தனியாக யோசித்து, தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு அன்றைக்கும் வேலைக்குப் போயிருக்கிறார். என் கணக்கில் இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அழுகை வந்தது.

சாயங்காலம் அழகர்கோவில் சாலையில் பில்லுச்சேரி. சின்னப்பிள்ளை அம்மாவின் ஊர். கூலி வேலைக்குப் போன பெண், கொத்து என்கிற கூலியாட்கள் குழுவுக்குத் தலைமை நின்று கூலி பேசியவர். கந்துவட்டியிலிருந்து தப்பிக்கப் பெண்கள் தங்கள் காசைத் தாங்களே சேர்க்கும் களஞ்சியத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார். 2001 ஜனவரியில் டெல்லியில் விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019-ல் பத்மஸ்ரீ. அவரைப் போய்ப் பார்த்துச் சிரமம் கொடுக்க நினைக்கவில்லை. வேப்பமரத்தடியில் குழுப் பணம் எண்ணிக்கொண்டிருந்த நாலு பெண்களோடு உட்கார்ந்தேன். என் கதையைச் சொன்னேன்.

"மண்டிக்காரர்கிட்ட மட்டும் ஏன் போறீக?" என்றார் கணக்கு வைத்திருந்தவர். "அம்பது ரூவா தர்றவுகளை விட்டுப்புட்டு?"

ஏழாம் நாள்: திண்டிவனம்

இரவு பஸ்ஸில் தூங்கவே இல்லை. என் அம்மாவின் பிடியரிசிப் பானை நினைவிலேயே இருந்தது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போடுவார், தினமும். மாதக் கடைசியில் அந்தப் பானை தெருவில் பிள்ளை பெற்ற ஏதோ ஒரு வீட்டுக்குப் போகும். யார் வீட்டிலிருந்து போனது என்று யாரும் எழுதி வைத்ததில்லை.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, கடையைத் திறக்காமல் நேராக அதே அரிசி மண்டிக்குப் போனேன். மொய் நோட்டு கையில். முதலாளி கல்லாவில் இருந்தார்.

"அண்ணே, எங்க பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்களுக்குச் சீர் கேட்டு வந்திருக்கேன். காலேஜுக்குப் போற சீர்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். போன வருடம் நின்றுபோன பெண்ணைப் பற்றியும் சொன்னேன். நடுவில் குரல் கொஞ்சம் அடைத்தது, நிறுத்தவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல காரியம்தான்மா. ஆடி கழியட்டும், ஆவணி முதல் வாரம் வா, பாத்துச் செய்றேன்" என்றார். சரியென்று நாளைக் குறித்துக்கொண்டு படியிறங்கினேன்.

பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். மண்டியில் சிந்தும் அரிசியைக் கூட்டிப் புடைத்துக் கொடுக்கும் அம்மா. அறுபது வயதிருக்கும், தலையெல்லாம் தவிட்டுத் தூசி. மூட்டைகளுக்குப் பின்னால் நின்றிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து நூறு ரூபாய்த் தாளைப் பிரித்து நீட்டினார். நோட்டைப் படிக்கட்டிலேயே வைத்துத் திறந்தேன்.

"யார் பேர்லம்மா எழுத?"

"எங்க வீட்டுக்காரரு பேரை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல. எம்பேரையே எழுது" என்று சொல்லிவிட்டு, எழுதி முடிக்கும்வரை என் பக்கத்திலேயே குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.